ஸ்கைத் தீவுக்குச் சொல்லாமல் போகத் தெரியாத நித்தியண்ணை

நித்தியண்ணை இறந்துபோன செய்தி எனக்கு "ஸ்கைப் பயணம்" என்ற வட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அப்போது நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குழுவில் அதற்கு முன் யாரோ கேட்டிருந்த கேள்வி, "பெரிய சமையல் கிடாரத்தை ஆரின்ரை வானுக்குள்ளை ஏத்துறது?" என்பது. அதற்குக் கீழே, "எங்கள் அன்புக்குரிய நித்தியானந்தன் அண்ணை இன்று விடியற்காலை மாரடைப்பால் காலமானார்" என்று இருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கைகள் முடிந்த இடத்தில் ஒருவர், "அப்ப டூர் நடக்குமோ, நடவாதோ?" என்று கேட்டிருந்தார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்குத் தெரியும். நான் மீன் வாங்காமல் ரெயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் சிவஞானம் கேட்டார். "ராஜி அக்கா, நீங்கள்தானே அவரோடை ஒண்டாய் வேலை செய்தனீங்கள். ஒரு கட்டுரை, நல்லதாய் எழுதித் தாங்கோ" என்றார். நல்லதாய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மரணச் சடங்கு மண்டபத்தில் அதன் மாதிரியைப் பார்த்தேன். சிவஞானம் தரப்பு ஒரு கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் அடித்திருந்தது. கிங்ஸ்பரியிலிருந்து வந்த சந்திரன் தரப்பு இன்னொன்று அடித்திருந்தது. இரண்டிலும் அதே குத்துவிளக்கு, அதே தாமரை, அதே புகைப்படம். ஒன்றில் அவர் "இயற்கையின் காதலன்". மற்றதில் "பயணங்களின் நாயகன்". லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் வடக்கே பேர்மிங்காமைத் தாண்டியதில்லை. தாண்ட விடாதவர்கள் இரண்டு பிரசுரங்களின் கீழும் வரிசையாகப் பெயர் போட்டிருந்தார்கள்.

எனவே நான் நல்லதாய் எழுதப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் குழுவின் விருப்பம். அதற்கும் ஓர் உபகுழு வைத்திருப்பீர்கள்.

நானும் அவரும் தென் லண்டனில் ஒரு கவுன்சிலில், வாகனம் நிறுத்தும் அனுமதி வழங்கும் பகுதியில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்தோம். அந்த வேலையில் ஒரு நாளும் யாரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. தண்டம் கட்டிய கோபம், இடம் கிடைக்காத கோபம், பக்கத்து வீட்டுக்காரன் மேல் கோபம், எல்லாம் எங்கள் கண்ணாடிக்கு முன்னால்தான் வந்து கொட்டும். நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்காக மேலதிகாரி என்னை இரண்டொரு தடவை கூப்பிட்டுக் கண்டித்ததும் உண்டு. நித்தியண்ணை முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "நீங்கள் சொல்லுவது சரிதான் சேர், ஆனால் விதி இப்படி இருக்கிறது" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லுவார். திட்டிக்கொண்டு வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவருடைய பொறுமையைப் பார்த்தால் எரிச்சலும் வரும்.

ஸ்கொட்லாந்தின் ஸ்கைத் தீவு அவருடைய வாழ்க்கைக்குள் வந்ததும் அந்த அலுவலகத்தில்தான். எங்களோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண் கோடை விடுமுறைக்குக் கணவனோடு காரில் அங்கே போய் வந்தாள். மதியச் சாப்பாட்டு வேளையில் அதைச் சொன்னாள். கடலை ஒட்டி ஒற்றைப் பாதை. ஒரு கார்தான் போகலாம். எதிரே வண்டி வந்தால் வழிவிட அங்கங்கே சிறிய ஒதுங்குமிடங்கள் இருக்கும். ஒதுங்கி நிற்பவருக்குக் கடந்து போகிறவர் கை காட்டிவிட்டுப் போவார். அவள் மலையைப் பற்றியும் சொன்னாள், அருவியைப் பற்றியும் சொன்னாள். நித்தியண்ணைக்கு அந்தக் கை மட்டும்தான் மனதில் நின்றது.

"பாரும் பிள்ளை," என்றார் என்னிடம். "நான் இந்த லண்டனிலை இவ்வளவு காலம் கார் ஓடுறன். எனக்குக் கை காட்டின ஆக்கள் எல்லாம் வேறை மாதிரித்தான் காட்டினவை."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. மதிய வேளையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சோற்றுப் பெட்டியைத் திறப்பார். லேக் டிஸ்ட்ரிக்டில் ஓர் இரவு தங்குவது. மறுநாள் லொமண்ட் ஏரிக்கரையால் போய், கிளென்கோ மலைகளுக்கு நடுவால் இறங்கி, போர்ட் வில்லியமில் தேநீர் குடிப்பது. அங்கிருந்து மலெய்க் துறைமுகம். காரோடு படகில் ஏறித் தீவுக்கு. திரும்பும்போது பாலத்தால் வருவது. "போகேக்கை படகு, வரேக்கை பாலம்" என்று சாமி பேர் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார். பாலத்தாலேயே போய்விடலாமே, படகுக்கு ஏன் காத்துக் கிடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "பாலத்தாலை போனால் அது தீவெண்டு எப்பிடித் தெரியும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அவர் அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அப்போது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய மனைவி பவளம் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும் நோய் அவருக்கு. சொட்டு மருந்தால் அதைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அதற்கு முன் அந்தப் பாதையில் அவரே கார் ஓட்ட வேண்டும், பவளம் அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பவளம் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருடைய ஆசை இவ்வளவுதான். இரண்டு பேர், ஒரு கார், ஒரு கிழமை லீவு.

இதை அவர் கெடுத்துக்கொண்டது ஒரே ஒரு வாக்கியத்தால். கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது சிவஞானத்திடம், "இந்தக் கோடைக்கு நாங்கள் ஸ்கொட்லாந்துப் பக்கம் ஒருக்காப் போட்டு வருவமெண்டு யோசிக்கிறம்" என்றார். சிவஞானம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அப்ப நாங்களும் வாறம்" என்றார்.

நம் ஆட்களிடையே உள்ள இந்த வழக்கத்தை நான் எங்கும் எழுதி வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஓர் இடத்துக்குப் போகிறவர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் ஒளித்துப் போனதாக அர்த்தம். சொன்னால் கூப்பிட்டதாக அர்த்தம். கூப்பிடப்பட்டவர் தன் மனைவியின் தமக்கை குடும்பத்தை விட்டுவிட்டு வர முடியாது. தமக்கை குடும்பம் தங்கள் சம்பந்தி வீட்டை விட்டுவிட்டு வர முடியாது. பவளம் அக்கா சாம்பாரை முடித்துப் பாயசத்துக்கு வருவதற்குள் இரண்டு பேருடைய பயணம் மூன்று வான்களின் பயணமாகிவிட்டது. அந்த வாரமே சிவஞானத்தின் வீட்டில் கூட்டம் போட்டு ஒரு சுற்றுலா உபகுழுவை அமைத்தீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ரோல்ஸும் பற்றீஸும் நன்றாக இருந்தன. குழுவுக்கு யார் தலைவர் என்பதில் பொழுது போனது. நித்தியண்ணை கொண்டுவந்த வரைபடத்தின் மேல் யாரோ தேநீர்த் தட்டத்தை வைத்தார்கள். கூட்டம் முடியும்வரை அதை யாரும் எடுக்கவில்லை.

முதலாவது கோடை நல்லூர்த் திருவிழாவில் போயிற்று. பள்ளிக்கூட விடுமுறை விட்டால்தான் பிள்ளைகளோடு வரலாம். விடுமுறை விட்டால் நல்லூரில் கொடி ஏறிவிடும். கொடி ஏறினால் மச்சம் மாமிசம் ஆகாது. "ஸ்கொட்லாந்திலை போய் மரக்கறிக்கு எங்கை அலையிறது?" என்று ஒருவர் கேட்டார். நல்லூர் இருப்பது யாழ்ப்பாணத்தில். நீங்கள் இருப்பது லண்டனில். இங்கே விரதம் இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கைத் தீவிலும் முருகன் உங்கள் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்ப்பார் என்று நம்புகிறவர்கள், உருளைக்கிழங்கு அவித்துத் தின்னலாம் என்று ஏன் நினைக்கவில்லை? இதைக் கூட்டத்தில் கேட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து அடுத்த விடயத்துக்குப் போகலாம் என்று ஒரு குரல் வந்தது.

அடுத்த கோடை சாவுத் துடக்கில் போயிற்று. சிவஞானத்தின் பெரியப்பா முறையான ஒருவர் ரொறன்ரோவில் இறந்தார். காணி வழக்கொன்றால் அவரோடு சிவஞானம் நெடுங்காலம் பேசியதே இல்லை. உயிரோடு இருந்தவரை அந்த மனிதர் இவருக்கு ஓர் உறவு இல்லை. செத்த உடனே முப்பத்தொரு நாளுக்கு நெருங்கிய உறவாகிவிட்டார். "துடக்கோடை ஊர் சுத்தப் போனால் ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்று பயணத்தைத் தள்ளி வைத்தார். சரி, அவர் நிற்கட்டும், மற்றவர்கள் போகலாமே என்றால், "தலைவர் இல்லாமல் எப்பிடி?" என்றீர்கள். நித்தியண்ணை அந்தக் கோடையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருந்தின் அளவைக் கூட்டினார்கள். இரவில் கார் ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் குழு உடைந்தது. கிங்ஸ்பரிச் சந்திரன், ஸ்கைக்கு எல்லோரும்தான் போகிறார்கள், நாங்கள் அதற்குத் தெற்கேயுள்ள மல் தீவுக்குப் போவோம் என்றார். மல் தீவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சிவஞானம் அதைச் சொல்லவில்லை. இரண்டு குழு, இரண்டு வட்ஸ்அப், இரண்டு பொருளாளர். கொழும்பில் கட்சி உடைவதைப் பற்றி நீங்கள் தேநீர்க் கடையில் இருந்து கேலி பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு பிக்னிக்கை உடைத்த ஆட்கள் நீங்கள். இரண்டு பக்கமும் நித்தியண்ணையை ஆலோசகராக்கின. ஆலோசகர் என்றால் ஆங்கிலத்தில் போன் எடுத்துப் பேசுகிறவர் என்று பொருள்.

அப்படி ஒரு போன் பேச்சை என் காதால் கேட்டேன். அவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தீவில் தங்குமிடம் வைத்திருக்கும் ஓர் அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் எல்லாம் இனிமையாகத்தான் போயிற்று. பிறகு குழு சொல்லிவிட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்வளவில் காஸ் அடுப்பு வைக்கலாமா? எவ்வளவு பெரிய அடுப்பு? ஆட்டுக்கறி காய்ச்சுகிற அளவு. எத்தனை பேருக்கு? ஒரு முப்பது பேருக்கு. அந்த அம்மாள் நித்தியண்ணைக்கே உரிய மரியாதையோடு நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவர் அந்த இடத்தின் பெயரை வெட்டினார். பிறகு அடுத்த இடத்துக்கு அழைத்தார். சந்திரனின் வட்ஸ்அப்பில் அன்று மாலை, "அண்ணை இன்னும் ஒரு இடமும் சரிப்படுத்தித் தரேல்லை" என்று எழுதியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, நாளைக்கு விடிய அக்காவை ஏத்திக்கொண்டு வெளிக்கிடுங்கோ. ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்றேன்.

"அதெப்பிடிப் பிள்ளை, சொல்லாமல் போறது? பிறகு அவையின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையோ?"

"அவையின்ரை முகத்திலை என்ன இருக்கெண்டு முழிக்கிறியள்?"

"நீர் சொல்லுவீர். எல்லாரும் சந்தோசமாய் வந்தால்தானே அது பயணம்."

இந்த வாக்கியத்தை அவருடைய பொன்மொழியாகச் சடங்கு மண்டபத்தில் ஒருவர் சொன்னார், நீங்கள் தலையாட்டினீர்கள். அது பொன்மொழி இல்லை. அது பயம். அவரை நான் எவ்வளவு மதித்தேனோ அவ்வளவுக்கு இந்த ஒரு விடயத்தில் அவரை இகழ்ந்தேன். முன்பின் தெரியாத முரடர்களைக் கண்ணாடிக்கு முன்னால் சமாளித்த மனிதருக்கு, தெரிந்தவர்களின் முகம் கோணுவதைத் தாங்க முடியவில்லை. என் வாயால் இதை அவருக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு தேநீர் ஊற்றித் தந்தார்.

ஆனாலும் ஒரு தடவை புறப்பட்டார். இது உங்களுக்குத் தெரியாது. பவளம் அக்கா சொல்லித்தான் எனக்கும் தெரியும். ஒரு வைகாசிச் சனிக்கிழமை விடிய வெள்ளென, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், இரண்டு பேரும் காரை எடுத்தார்கள். பின்னால் இரண்டு மழை அங்கி, இரண்டு சோடி மலைச் சப்பாத்து, ஒரு சாப்பாட்டுக் கூடை. அக்கா சொன்னா, மோட்டர்வேயில் ஏறியதும் அவர் பாடத் தொடங்கிவிட்டார் என்று. அலுவலகத்தில் இத்தனை காலம் பக்கத்தில் இருந்த நான் அவர் பாடிக் கேட்டதில்லை.

வழியில் சலம் கழிக்க, வண்டிகள் நின்று போகும் ஒரு சேர்விஸில் நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் எத்தனையோ சேர்விஸ் இருக்க, சிவஞானத்தின் மனைவியின் தமக்கை குடும்பமும் அதே இடத்தில் கோப்பி வாங்கிக்கொண்டு நின்றது. "எங்கை அண்ணை, வெள்ளென?" என்று கேட்டார்கள். மலைச் சப்பாத்தோடு நின்ற மனிதர் என்ன சொல்லியிருக்கலாம்? உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கென்ன என்று கேட்டிருக்கலாம். அவர், "சும்மா, பேர்மிங்காம் கோயிலுக்கு" என்றார். "அட, நாங்களும் அங்கைதான்! எங்களுக்குப் பின்னாலை வாங்கோ" என்றார்கள்.

அவர் பின்னால் போனார். பேர்மிங்காமில் அருச்சனை செய்தார்கள். அன்னதானத்தில் சாப்பிட்டார்கள். பவளம் அக்கா சேலை கொண்டுபோகவில்லை. நீளக் காற்சட்டையோடு பூசை பார்த்ததை அந்தத் தமக்கை லண்டன் முழுவதும் சொன்னா. வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று அவர்கள் திரும்ப, இவர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. "கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு அங்காலை போனால் பொய்யாய்ப் போயிடுமே" என்றாராம். கூடையிலிருந்த இடியப்பத்தை அன்றிரவு கோலியர்ஸ் வுட்டில் தங்கள் வீட்டுக் குசினியில் வைத்தே சாப்பிட்டார்கள். இதைச் சொல்லும்போது பவளம் அக்கா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழவேண்டும் போலவும், அந்தத் தமக்கையின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் லைசென்ஸைத் திருப்பி அனுப்பினார். காரை விற்றார். மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை நேரே பார்த்தால் தெரியும்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி தெரியமாட்டா. அதற்குப் பிறகுதான், சங்கத்தின் வரலாற்றில் முதல் முறையாக, உங்களுக்கு ஒரு நாள் பொருந்தி வந்தது. சிவஞானமும் சந்திரனும் சமாதானமாகி, வரும் கோடையில் ஸ்கைக்கே போவது என்று முடிவு செய்தார்கள். அதைச் சொல்ல இரண்டு பேரும் ஒரு பெட்டி இனிப்போடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கேதான் இருந்தேன்.

"எல்லாம் சரி அண்ணை, நாள் வைச்சாச்சு" என்றார் சிவஞானம்.

"சந்தோசம். போட்டு வாங்கோ," என்றார் நித்தியண்ணை. "எனக்குக் கண் ஏலாது. இனி வந்து என்னத்தைப் பாக்கிறது?"

அவர்கள் அன்றுதான் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். பிறகு சந்திரன், "அதுக்கென்ன அண்ணை, நீங்கள் வானுக்குள்ளை முன்னுக்கு இருங்கோ. என்னென்ன தெரியுதெண்டு நாங்கள் சொல்லுறம், நீங்கள் கேளுங்கோ" என்றார்.

"இவ்வளவு காலமும் நீங்கள் சொன்னதைத்தானே தம்பி கேட்டனான்," என்றார் நித்தியண்ணை.

குரலை உயர்த்தவில்லை. கவுன்சில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசுகிற அதே பணிவு. அவர் வாழ்நாளில் இன்னொருவரைக் குத்தி ஒரு சொல் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். சந்திரன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். இனிப்புப் பெட்டியைத் திறந்து முதல் துண்டைத் தானே எடுத்தார். அவர்கள் போன பிறகு நித்தியண்ணை பவளம் அக்காவின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி, முகத்தை நேராகப் பார்த்து, "உம்மையும் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டிட்டன்" என்றார். அக்கா எழும்பிக் குசினிக்குப் போனா. நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழி முழுவதும் உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு பங்குனியில் அவர் போனார். முப்பத்தொராம் நாள் மதியச் சாப்பாட்டில், அவருடைய படத்துக்கு முன்னால் வைத்த சோறு ஆறுவதற்குள், சிவஞானம் எழுந்து ஓர் அறிவித்தல் சொன்னார். கோடைப் பயணம் கைவிடப்படவில்லை. அது இனி "நித்தியானந்தன் ஞாபகார்த்தச் சுற்றுலா". எல்லோருக்கும் அவருடைய முகம் அச்சடித்த ரீசேட். கைதட்டினீர்கள். சாவீட்டுச் சாப்பாட்டில் கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன். ரீசேட்டுக்கு நல்ல படம் ஒன்று வேண்டும் என்று பவளம் அக்காவிடம் கேட்டார்கள். "பாப்பம்" என்றா. அவ வாயைத் திறந்து சொன்னது அவ்வளவுதான். மறுநாளே ரீசேட் வெள்ளையா நீலமா என்று வட்ஸ்அப்பில் தொடங்கிவிட்டீர்கள். நான் இதை எழுதுகிற இன்றுவரை அது முடியவில்லை. வான் இன்னும் பதியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பவளம் அக்கா என்னை அழைத்தா. பின்னால் காற்று இரைந்தது. குரல் விட்டுவிட்டு வந்தது.

"எங்கை அக்கா நிக்கிறியள்?" என்றேன். கோலியர்ஸ் வுட் ஸ்டேசன் வாசலில் நிற்கிறாவாக்கும் என்று நினைத்தேன்.

"படகிலை நிக்கிறன். தீவு கிட்ட வந்திட்டுது."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. லண்டனிலிருந்து ரெயிலில் போயிருக்கிறா. கிளாஸ்கோவில் ரெயில் மாறியிருக்கிறா. மலெய்க்கில் நடந்தே படகில் ஏறியிருக்கிறா. இந்த நாட்டில் டொக்டரிடம் போவதென்றாலும் பக்கத்தில் அவர் வேண்டும் என்று இருந்த மனுசி, அறுபத்தெட்டு வயதில், தனியாக.

"ஆரோடை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரோடையுமில்லை."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் அப்படியே எழுதுகிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. குளிருமே, உடுப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் இல்லாமல் போனீர்களே என்று ஒரு சொல் ஆறுதலாகச் சொல்லவில்லை. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். சிவஞானத்தின் குரல். அவருடைய மனைவியின் தமக்கையின் குரல். உங்கள் எல்லோருடைய குரலும் என் தொண்டையிலிருந்து வந்தது. இத்தனை காலமாக உங்களைப் பார்த்து முகம் சுழித்துக்கொண்டிருந்த எனக்கு அது எங்கேயிருந்து வந்ததென்று தெரியவில்லை.

பவளம் அக்கா கோபிக்கவில்லை. காற்று அடங்கும்வரை பொறுத்திருந்து, மிக அன்பாகச் சொன்னா:

"சொல்லியிருந்தால் நீயும் வந்திருப்பாய்."

உண்மை. வந்திருப்பேன். லண்டனிலிருந்து மலெய்க் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவிடாமல், உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருப்பேன்.

போனை வைத்த பிறகு நித்தியண்ணை மேல் எனக்கிருந்த கோபம் இல்லாமற்போய்விட்டது. உங்கள் மேல் இருப்பது இருக்கிறது. அது அவ்வளவு சுலபமாகப் போகாது. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான். எனக்கும் சாகுமுன் போய்ப் பார்க்க ஆசைப்படும் இடம் ஒன்று உண்டு. அது எந்த இடம் என்று இங்கே எழுதமாட்டேன்.